பழைய பள்ளியில் முதல் ரேங்க், புதிய அறிவியல் பள்ளியில் கடைசி வரிசை: எனக்கு அறிவியல் வராதா?

நுழைவுத் தேர்வு எழுதி, அறிவியலுக்கென்றே நடக்கும் பள்ளி ஒன்றில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது என்கிறீர்கள். பழைய பள்ளியில் எப்போதும் முதல் ரேங்க். இங்கே முதல் இயற்பியல் தேர்வில் நூற்றுக்கு 41. முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் உட்கார்ந்து படித்தும் அடுத்த தேர்வில் பெரிதாக ஏறவில்லை. எப்படிப் படித்தால் சமாளிக்கலாம் என்று கேட்டுவிட்டு, போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: எனக்கு அறிவியல் வராதோ, பழைய பள்ளிக்கே போய்விடலாமா என்று. நீங்கள் உண்மையில் கேட்பது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. படிக்கும் முறையைச் சொல்லிவிடலாம், அது அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் இத்தனை வருடம் கெட்டிக்காரப் பிள்ளை என்று எல்லோரும் சொன்னதெல்லாம் பொய்யோ என்ற சந்தேகம் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும்போது, எந்த முறையைச் சொன்னாலும் காதில் ஏறாது. அதனால் முதலில் அதை எடுத்துக்கொள்கிறேன்.

இதே போன்ற ஒரு பள்ளியில் பல ஆண்டுகளாக இயற்பியல் நடத்துகிறேன். புதிதாகச் சேர்பவர்களின் வகுப்புதான் பெரும்பாலும் எனக்கு. உங்களை நான் பார்த்ததில்லை, உங்கள் விடைத்தாளையும் பார்த்ததில்லை. ஆகவே உங்கள் திறமையைப் பற்றி நான் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் விவரிக்கும் நிலைமை எனக்கு நன்றாகப் பழக்கமானது. முதல் தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் யாரும் யாரிடமும் மதிப்பெண் கேட்க மாட்டார்கள். தாளை இரண்டாக மடித்துப் பையில் போட்டுவிட்டுப் பேசாமல் போவார்கள். தான் ஒருவர்தான் இப்படி என்று ஒவ்வொருவரும் நினைப்பதற்கு அந்த மௌனமே பாதிக் காரணம்.

ரேங்க் விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது இது. நாற்பது பள்ளிகளில் முதலாவதாக வந்த நாற்பது பேரை ஒரே அறையில் உட்கார வைத்தால், அவர்களில் ஒருவர் நாற்பதாவதாகத்தான் வர வேண்டும். அவருடைய மூளை கோடை விடுமுறையில் சுருங்கிவிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தக் கணக்கு புரிந்தாலும் மனம் ஏற்றுக்கொள்ளாது என்பதும் நன்றாக ஆராயப்பட்ட ஒன்று. ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980-களிலிருந்து இதைப் பற்றி எழுதிவருகிறார். ஒரே அளவு திறமை உள்ள இரண்டு மாணவர்களில், திறமைசாலிகள் நிறைந்த பள்ளியில் படிப்பவர் தன்னைப் பற்றிக் குறைவாகவே மதிப்பிடுகிறார். சின்னக் குளத்தில் பெரிய மீன் என்ற பெயரில் இது பிரபலம். அவரும் கிட்-டாய் ஹாவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் 26 நாடுகளைச் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட 15 வயது மாணவர்களின் தரவுகளைப் பார்த்தார்கள். பொதுவாக இதே போக்குதான் தெரிந்தது. ஆக, 'நான் மட்டம்' என்று இப்போது உங்களுக்குத் தோன்றுவது, இடம் மாறிய எவருக்கும் தோன்றக்கூடியதுதான். அதை உங்கள் திறமைக்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, ரேங்க்கை ஒதுக்கிவிடலாம். 41 என்ற மதிப்பெண்ணை அப்படி ஒதுக்கிவிட முடியாது. பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும், கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் உங்களால் சரியாக எழுத முடியவில்லை என்று அது சொல்கிறது. அது ஏன் என்று பார்த்தால்தான் வழி பிறக்கும். என் அனுபவத்தில் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: இங்கே கேள்வியின் இனமே வேறு. பழைய பள்ளியில் உங்களை முதலிடத்தில் வைத்திருந்த வேலையை இந்தப் பள்ளி கேட்பதே இல்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பந்து ஒன்றை நேராக மேலே எறிகிறோம். அது எவ்வளவு உயரம் போகும் என்று கேட்டால், புதிதாகச் சேர்ந்தவர்களில் அநேகமாக எல்லோரும் சூத்திரத்தை எழுதி, எண்களைப் போட்டு, சரியான விடையைக் கொண்டுவந்துவிடுவார்கள். அதே பந்து உச்சியில் இருக்கும் அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன என்று கேட்டால் நிறையப் பேர் பூஜ்யம் என்று எழுதுகிறார்கள். பந்து மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன்மீது செயல்படும் விசைகளை வரையச் சொன்னால், கீழ்நோக்கிப் புவியீர்ப்பு, மேல்நோக்கி 'எறிந்த விசை' என்று இரண்டு அம்புக்குறிகள் போடுகிறார்கள். கையை விட்டுக் கிளம்பிய பிறகு கை எப்படி விசை கொடுக்கும்? காற்றுத் தடையை விட்டுவிட்டால் அங்கே இருப்பது ஒரே ஒரு விசை, கீழ்நோக்கி. முடுக்கமும் ஏறும்போது, உச்சியில், இறங்கும்போது என எப்போதும் ஒன்றுதான், ஒவ்வொரு நொடியிலும் திசைவேகம் கீழ்நோக்கி நொடிக்கு 9.8 மீட்டர் என்ற அளவு மாறுகிறது. உச்சியில் பூஜ்யமாவது திசைவேகம் மட்டும். முடுக்கமும் அங்கே பூஜ்யமாகிவிட்டால் பந்து கீழே வர எந்தக் காரணமும் இருக்காது, அங்கேயே நின்றுவிடும்.

இது மட்டமான மாணவர்கள் செய்யும் பிழை இல்லை. டேவிட் ஹெஸ்டனஸும் சக ஆய்வாளர்களும் விசையைப் பற்றி இப்படிப்பட்ட எளிய கேள்விகளைத் தொகுத்து 1992-இல் ஒரு தேர்வாக வெளியிட்டார்கள். கணக்குகளை நன்றாகப் போடத் தெரிந்தவர்களும், இயற்பியல் பாடத்தில் தேறியவர்களும்கூட அதில் தடுமாறினார்கள். சூத்திரம் தெரிவதும் பொருள் தெரிவதும் தனித்தனி என்று அந்தத் தேர்வு பல வகுப்பறைகளில் காட்டியது. பழைய பள்ளி முதலாவதற்கு மதிப்பெண் கொடுத்தது. புதிய பள்ளி இரண்டாவதைக் கேட்கிறது. நீங்கள் முதலாவதையே இரண்டு மடங்கு நேரம் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பது என் ஊகம். நேரத்தைக் கூட்டியும் மதிப்பெண் கூடாததற்கு அதுவே போதுமான விளக்கம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அந்த 41 மதிப்பெண் தாளை எடுத்து, மதிப்பெண் போன ஒவ்வொரு இடத்தின் ஓரத்திலும் ஏன் போனது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'கவனக்குறைவு' என்ற சொல்லைத் தவிருங்கள், எல்லாவற்றையும் அதற்குள் அடைத்துவிடலாம். எந்த விதியைப் பயன்படுத்துவது என்றே தெரியவில்லையா, விதி தெரிந்தும் படம் வரையத் தெரியவில்லையா, எல்லாம் தெரிந்தும் கணிதத்தில் சறுக்கியதா, நேரம் போதவில்லையா? என் மாணவர்களிடம் இதைச் செய்யச் சொல்லும்போது, இழந்த மதிப்பெண்களில் பெரும்பகுதி இரண்டு மூன்று காரணங்களுக்குள் அடங்கிவிடுவதைப் பார்க்கிறேன். அப்புறம் அந்தத் தாளை ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். 'எனக்கு இயற்பியல் புரியவில்லை சார்' என்று வருபவருக்கு நாங்கள் என்ன சொல்வது? ஆறுதல்தான் சொல்ல முடியும். 'மூன்றாவது கேள்வியில் இந்த விசையை எந்தப் பக்கம் வரைவது என்று தெரியவில்லை' என்று வருபவருக்குப் பத்து நிமிடத்தில் உதவ முடியும். கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்ற தயக்கம் முதல் ரேங்க் வாங்கிப் பழகியவர்களுக்குத்தான் அதிகம், ஏனென்றால் இதுவரை அவர்கள் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிருந்ததில்லை. ஆசிரியர் பக்கத்திலிருந்து சொல்கிறேன்: வந்து கேட்பவரைப் பற்றி எங்களுக்கு நல்ல அபிப்பிராயம்தான் வரும்.

இனி படிக்கும் முறை. இங்கே சில விஷயங்கள் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியானவை. முதலாவது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது. ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு குழு ஒரே பகுதியை நான்கு முறை படித்தது; இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களே அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்குச் சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம். இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, நான்கு முறை படித்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தார்கள். இரவு பதினோரு மணிக்குப் பாடம் முழுவதும் கண்ணாடி போலத் தெரிந்து, தேர்வு அறையில் ஒன்றும் வராமல் போவதற்குக் காரணம் இதுதான். பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வருகிற தெளிவு பக்கத்தினுடையது.

இரண்டாவது, கணக்குகளைக் கலந்து போடுவது. ஒரே அத்தியாயத்தின் கணக்குகளை வரிசையாகப் பதினைந்து போட்டால், எந்த விதி என்று யோசிக்கவே தேவையில்லை. அத்தியாயத்தின் தலைப்பே சொல்லிவிடும். தேர்வுத் தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. ரோரரும் டெய்லரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கணக்குகளை வகை வகையாகப் பிரித்துப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதமும், கலந்து செய்தவர்கள் 60 சதவீதமும் சரியாகப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழு 20 சதவீதம், இரண்டாம் குழு 63 சதவீதம். பயிற்சியில் தடுமாறியவர்கள் தேர்வில் ஜெயித்தார்கள். ஆகவே நீங்கள் கலந்து போட ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று வாரங்களில் இன்னும் மோசமாகிவிட்டது போலத் தோன்றும். அதற்காகப் பழைய முறைக்குத் திரும்பிவிட வேண்டாம்.

மூன்றாவதாக ஒன்றை நான் என் மாணவர்களிடம் வற்புறுத்துவேன்: கணக்கைப் போடுவதற்கு முன்னால், இது எந்த விதியால் தீரும், ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்வேன். மிஷலின் சீயும் சக ஆய்வாளர்களும் 1981-இல் இயற்பியல் கணக்குகளை அட்டைகளில் எழுதிக் கொடுத்து வகைப்படுத்தச் சொன்னார்கள். புதிதாகக் கற்பவர்கள் சாய்தளம் வருபவை ஒரு பக்கம், சுருள்வில் வருபவை ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். தேர்ந்தவர்கள் ஆற்றல் அழியா விதியால் தீர்பவை, நியூட்டனின் இரண்டாம் விதியால் தீர்பவை என்று பிரித்தார்கள். அந்த ஒரு வரியை எழுத எழுதத்தான் பார்வை படத்திலிருந்து விதிக்கு நகர்கிறது. ஆரம்பத்தில் ஒரு மணி நேரத்தில் மூன்று கணக்குதான் முடியும். பரவாயில்லை.

ஆய்வகத்தைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் புதிதாக வருபவர்கள் அங்கேயும் திணறுவார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். பல பள்ளிகளில் ஆய்வகம் என்றால் சரியான விடையைக் கொண்டுவருவது. தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று வந்துவிட்டால் முழு மதிப்பெண். வராவிட்டால் அளவீடுகளைக் கொஞ்சம் தட்டிச் சரிசெய்வார்கள். இங்கே அப்படிச் செய்து கொண்டுவந்தால் ஆசிரியர் முதலில் கேட்பது, எவ்வளவு பிழை இருக்கலாம் என்று. ஒரு மீட்டர் நீள ஊசல் ஒரு முறை ஆடிவர ஏறக்குறைய 2 நொடி ஆகும். ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவதில் உங்கள் கை 0.2 நொடி தாமதிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் அலைவை அளந்தால் அது 10 சதவீதப் பிழை. இருபது அலைவுகளைச் சேர்த்து அளந்தால் 40 நொடியில் 0.2, அதாவது அரை சதவீதம். சூத்திரத்தில் அலைவு நேரம் இருமடியாக வருவதால் இறுதி விடையில் பிழை இரட்டிப்பாகும்: முதல் முறையில் சுமார் 20 சதவீதம், இரண்டாவதில் சுமார் 1 சதவீதம். இருபது அலைவு ஏன் எண்ணச் சொல்கிறார்கள் என்பது இப்போது புரிகிறது, இல்லையா? 9.6 என்று வந்து, ஏன் 9.6 என்று விளக்கியவருக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். விளக்கம் இல்லாத 9.8-க்குக் கொடுக்க மாட்டேன்.

தனியாகப் படிக்கிறீர்களா, சேர்ந்து படிக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. யூரி ட்ரீஸ்மன் என்ற கணிதவியலாளர் 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், நல்ல மதிப்பெண்ணோடு வந்த சில மாணவர்கள் ஏன் நுண்கணிதத்தில் தோற்கிறார்கள் என்று பார்க்க அவர்களோடேயே நேரம் செலவிட்டார். உழைப்பு குறைவு, ஆர்வம் குறைவு என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். அவர் கண்டது வேறு: தோற்றவர்கள் கடுமையாக, ஆனால் முழுக்கத் தனியாகப் படித்தார்கள். நன்றாகச் செய்தவர்கள் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஒன்றாக உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் தவற்றை ஒருவர் திருத்தினார்கள். கஷ்டமான கணக்குகளைக் குழுவாகப் போடும் வகுப்புகளை அவர் ஏற்பாடு செய்ததும் முதல் தரப்பினரின் முடிவுகள் வெகுவாக உயர்ந்தன. அந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். முதலில் தனியாக, பிறகு சேர்ந்து. தனியாக முயலாமல் குழுவில் போய் உட்கார்ந்தால் வேகமான ஒருவர் போடுவதைப் பார்த்துத் தலையாட்டுவதாகத்தான் முடியும். குழுவில் இரண்டு அல்லது மூன்று பேர் போதும் என்பது என் கருத்து.

தூக்கத்தைக் குறைத்துத்தான் அந்த இரண்டு மடங்கு நேரத்தைச் சேர்த்தீர்கள் என்றால், அதை உடனே நிறுத்துங்கள். 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. படித்தது நினைவில் பதிவதிலும் தூக்கத்துக்குப் பங்கு உண்டு. இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

இனி, பலர் உங்களுக்குச் சொல்லக்கூடிய, ஆனால் அந்த அளவு உறுதி இல்லாத விஷயங்கள். மனப்பான்மையை மாற்றினால் மதிப்பெண் மாறும், திறமை வளரக்கூடியது என்று நம்பினாலே போதும் என்பார்கள். உளவியலாளர் கேரல் டுவெக்கின் அந்தக் கருத்து புகழ்பெற்றது. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டின் ஒரு தொகுப்பாய்வில் அதன் சராசரிப் பலன் மிகச் சிறியதாகவே இருந்தது. அமெரிக்கா முழுவதும் நடந்து 2019-இல் வெளியான ஒரு பெரிய சோதனையில் மதிப்பெண் குறைந்த மாணவர்களுக்குச் சிறிதளவு பலன் கிடைத்தது. நம்பிக்கை இருப்பது நல்லதுதான். அது வேலையைத் தொடங்க உதவும், வேலையைச் செய்துவிடாது. அதே போல், நீங்கள் கண்ணால் கற்பவர், நான் காதால் கற்பவன், அதற்கேற்பப் படிக்க வேண்டும் என்ற பேச்சுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பாஷ்லரும் சக ஆய்வாளர்களும் 2008-லேயே காட்டிவிட்டார்கள். அதற்காக நேரத்தையோ பணத்தையோ செலவழிக்க வேண்டாம். பழகுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டாலும் பொதுவான விடை கிடையாது. என் வகுப்புகளில் பலருக்கு முதல் பருவம் முடியும்போது கால் ஊன்றத் தொடங்குகிறது, சிலருக்கு ஒரு முழு ஆண்டு ஆகிறது. நான் பார்த்தது ஒரே பள்ளிதான், எனவே இதை ஒரு விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக அந்தக் கேள்வி: திரும்பிப் போகலாமா? போவதில் அவமானம் எதுவும் இல்லை. கண்டிப்பாக இங்கேயே இருந்தாக வேண்டும் என்று சொல்ல ஆய்வுகளும் இடம் கொடுக்கவில்லை. பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் தேர்வு வைத்துச் சேர்க்கும் பள்ளிகளை, புகழ்பெற்ற பிராங்ஸ் அறிவியல் பள்ளி உட்பட, பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்து 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மயிரிழையில் இடம் கிடைத்தவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டபோது, பிற்காலத் தேர்வு முடிவுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வாசற்படியில் நின்றவர்களைப் பற்றிய முடிவு அது. எல்லா மாணவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. ஆனாலும் இந்தப் பள்ளியை விட்டால் எதிர்காலமே போயிற்று என்ற பயத்துக்கு அதில் ஆதாரம் இல்லை. நல்ல ஆய்வகம், கேள்வி கேட்டால் மகிழும் ஆசிரியர்கள், இரவு பத்து மணிக்கும் கணக்கைப் பற்றிப் பேசும் நண்பர்கள் ஆகியவை தேர்வு முடிவுகளில் தெரியாத லாபங்கள். அவை உங்களுக்குக் கிடைக்கின்றனவா, உங்களுக்குப் பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

முடிவை இப்போதே எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரு பருவம் முழுவதும் முறையை மாற்றிப் படித்துவிட்டு, மதிப்பெண்ணுக்குக் காரணம் எழுதிய அந்த ஓரக் குறிப்புகளைப் பழையதோடு ஒப்பிடுங்கள். போன முறை 'எந்த விதி என்றே தெரியவில்லை' என்று இருந்த இடத்தில் இப்போது 'குறி மாறிவிட்டது' என்று இருந்தால், மதிப்பெண் இன்னும் ஏறாவிட்டாலும் நீங்கள் முன்னேறுகிறீர்கள். குறிப்புகள் மாறவே இல்லை, வகுப்புக்குப் போகவும் மனம் இல்லை என்றால், வீட்டில் உட்கார்ந்து பேசி மாற்றிக்கொள்ளலாம். அப்போதும் பருவத்தின் நடுவில் மாறாமல், அங்கே எந்தப் பாடம்வரை நடத்தியிருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு மாறுங்கள். ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. வாரக்கணக்கில் தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், முன்பு பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தாலோ, இருப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றினாலோ, பருவம் முடியட்டும் என்று பார்க்காமல் இன்றே வீட்டிலோ, பள்ளி ஆலோசகரிடமோ, மருத்துவரிடமோ சொல்லுங்கள். அது இயற்பியல் ஆசிரியர் தீர்க்கிற விஷயம் இல்லை, அவர்கள் தீர்க்கிற விஷயம். மற்றதற்கெல்லாம், அந்தத் தாளில் நீங்கள் எழுதிய காரணங்களை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.